அக்கா வரும் பக்கம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தவர்களில் பாதிப் பேராவது ஒரு தடவை அழுதிருப்பார்கள். அழுதாலும் கற்றுக்கொண்டுதான் போனார்கள். "கண்ணாடியப் பாரு, லெஃப்ட்ல பாரு, கழுத்தத் திருப்பிப் பாரு" என்று நான் கத்திய கத்தலில்தான் இந்த ஊரில் பல பேர் இன்னும் கைகால் முழுசாக நடமாடுகிறார்கள் என்பது என் தாழ்மையான கருத்து.

அப்படிப்பட்ட நான், சொந்தத் தம்பி விஷயத்தில் செய்ததெல்லாம் நேர் எதிர். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

தம்பி டைல்ஸ் போடுகிறவன். என்னைவிட ஐந்து வயது சின்னவன், நாற்பத்து நான்கு. அவன் போட்ட தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். சுவரில் ஒட்டிய டைல்ஸுக்கு நடுவே இருக்கும் கோடுகளைப் பார்த்தால் நூல் பிடித்தது போல இருக்கும், ஏனென்றால் நிஜமாகவே நூல் பிடித்துத்தான் ஒட்டுவான். சாமான்களை ஏற்றிக்கொண்டு போக ஒரு பழைய வேன் வைத்திருந்தான். போன வருடம் அந்த வேனின் இடது பக்கக் கண்ணாடி உடைந்தது. மாற்றினான். மறுபடி உடைந்தது. மூன்றாவது தடவை அவன் வீட்டுக் கேட் தூணிலேயே இடது பக்கம் முழுவதையும் உரசிக்கொண்டு வந்து நின்றான். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். தெருவே கேட்கும்படி கத்தினேன்.

"கண்ணு இருக்கா இல்லையாடா உனக்கு? என் தம்பின்னு வெளிய சொல்லிடாத. என் பொழப்பே போயிடும்."

அவன் சிரித்தான். "தெரியலக்கா. அந்தத் தூண் அங்க இல்ல. திடீர்னு வந்துச்சு."

"தூணு எந்திரிச்சு நடந்து வந்துச்சாக்கும்?"

விட்டேனா பார் என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே அவனை என் பயிற்சிக் காரில் உட்காரவைத்து, அரிச்சுவடியிலிருந்து பாடம் நடத்தினேன். இடது பக்கமிருந்து ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். தம்பி வேகத்தைக் குறைக்கவே இல்லை. என் பக்கம் இருக்கும் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்து நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "சரிக்கா, சரிக்கா" என்றான்.

மூன்று வாரம் கழித்து, தலைவலியும் வாந்தியுமாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மூளையின் வலது பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி இருக்கிறது என்றார்கள். இடது பக்க உலகத்தைக் கவனித்துக்கொள்வது வலது பக்க மூளையாம். கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருக்கிறது என்பதே அவன் மூளைக்கு மறந்துகொண்டிருந்தது. அந்தத் தூண் அவனுக்கு உண்மையிலேயே அங்கே இல்லை. சைக்கிள்காரரும் இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியை முழுவதும் எடுத்தாயிற்று, திரும்ப வருகிற ரகம் இல்லை என்றார் டாக்டர். எல்லோரும் பெருமூச்சு விட்டோம். என்னை யாரும் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. தம்பி மனைவி, சொல்ல எல்லா உரிமையும் உள்ளவள், என் கையைப் பிடித்துக்கொண்டு "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கட்டி போனாலும் அது செய்துவிட்டுப் போன வேலை போகவில்லை என்று தெரிந்தது. தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடு என்பான். இடது பாதி அப்படியே இருக்கும். முகத்தின் வலது பக்கம் மட்டும் சவரம் செய்துகொண்டு, பளிச்சென்று வந்து உட்காருவான். கதவைத் தாண்டும்போதெல்லாம் இடது தோள் நிலையில் இடிக்கும். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் குரல் கேட்கும். உடனே வலது பக்கம் திரும்பித் தேடுவான். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அந்த முகத்தை, தேடுகிற அந்த முகத்தை, என்னால் பார்க்கவே முடியவில்லை.

அதனால் நான் காரியத்தில் இறங்கினேன். கட்டிலைத் திருப்பிப் போட்டேன், கதவு அவனுக்கு வலது பக்கம் வருகிற மாதிரி. டிவி வலது பக்கம் போனது. தண்ணீர், மாத்திரை, போன், கண்ணாடி எல்லாம் வலது பக்கம். சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, பாதி தீர்ந்ததும் தட்டைத் திருப்பிவைப்பேன். நடக்கும்போது நான் எப்போதும் அவன் வலது பக்கம். பாடம் முடித்து மதியம் ஒரு மணிக்கு வருவேன், தம்பி மனைவி வேலைக்குப் போவாள். அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவள். அவனைத் தனியாக விட முடியாததால் பாதி நாள் சம்பளத்துக்கு மாறியிருந்தாள்.

மூளைக் கட்டி நோயாளிகளுக்காக நடக்கும் ஓர் அறக்கட்டளை இருந்தது. ஆஸ்பத்திரியே அவர்களிடம் எங்கள் விலாசத்தைக் கொடுத்திருந்தது. அவர்கள் அனுப்பிய தெரபிஸ்ட் வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வந்தாள், ஒரு காசு வாங்காமல். முப்பது வயதுகூட இருக்காது. சத்தமே இல்லாமல் பேசுவாள். முதல் நாள் வந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"இதெல்லாம் இப்படி மாத்தி வெச்சது யாரு?"

"நான்தான்" என்றேன் பெருமையாக.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன்.

"உங்க ஸ்டூடண்ட் லெஃப்ட்ல பாக்க மாட்டேங்கறார்னு வெச்சுக்கங்க. லெஃப்ட்ல வர்ற வண்டி எல்லாத்தையும் ரைட்டுக்குப் போகச் சொல்லுவீங்களா?"

கட்டிலில் உட்கார்ந்திருந்த தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். இருபத்திரண்டு வருடத்தில் என் தொழிலை வைத்தே என்னை மடக்கியவள் அவள் ஒருத்திதான்.

அவள் போட்ட சட்டம் இது. இனிமேல் எல்லாம் இடது பக்கம். பேசுவது, கொடுப்பது, உட்காருவது எல்லாம். யாரும் தட்டைத் திருப்பக் கூடாது. அவனாகத் தேடித் திரும்ப வேண்டும். மூளை புதிதாகப் பழகுவதெல்லாம் பெரும்பாலும் முதல் ஒரு வருடத்தில்தான் நடக்கும். வருடம் முடிகிறபோது சோதித்துப் பார்ப்பார்கள். யாரும் சொல்லாமல் தானாகவே இடது பக்கம் பார்க்கிற பழக்கம் வந்திருந்தால் தெருவில் தனியாக நடக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்கும் போகலாம். வராவிட்டால், ரோட்டைக் கடக்க வாழ்நாள் முழுவதும் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

தம்பி மனைவி அன்றிலிருந்து சட்டத்தை மீறவில்லை. இடது பக்கம் காபியை வைத்துவிட்டு, "காபி வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள்பாட்டுக்குப் போய்விடுவாள். அது ஆறி ஏடு கட்டினாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். எனக்கு அந்த நெஞ்சழுத்தம் கிடையாது. உலகத்துக்கெல்லாம் புலி, தம்பியிடம் பூனை. இடது பக்கம் உட்கார்ந்து "டேய்" என்பேன். அவன் வலது பக்கம் தேட ஆரம்பிப்பான். அரை நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவேன். அதற்கு மேல் முடியாது. எழுந்து வலது பக்கம் போய்விடுவேன். "ஓ, இங்க இருக்கியா" என்று அவன் முகம் மலரும். தூண் ஞாபகம் வரும். இதையாவது கொடுப்போம் என்று தோன்றும்.

மூன்றாம் மாதம், கைவேலை பழகட்டும் என்று தெரபிஸ்ட் சொன்னதால், வீட்டுக் குளியலறையில் வாஷ்பேசின் மேலே ஒரு சின்னத் துண்டுச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டினான். ரசமட்டம் வைத்து, நூல் கட்டி, கலவை குழைத்து, பழைய மாதிரியே மெதுவாகச் செய்தான். இரண்டு மணி நேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சுது" என்றான். வலது பாதி கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. இடது பாதி வெறும் சிமெண்ட்.

"பிரமாதம்டா" என்றேன்.

தம்பி மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவனிடம், "கைய வெச்சுத் தடவிப் பாருங்க, இடது பக்கமா" என்றாள். அவன் கை டைல்ஸ் மேல் வழுக்கிக்கொண்டே போய், சொரசொரப்பில் இறங்கி, போய்க்கொண்டே இருந்தது. கை நின்றபோது அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பாதி வேலைய செஞ்சுட்டு முடிஞ்சுதுன்னு சொல்றவனுக்கு எவன் வேலை குடுப்பான்?" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "நீயாவது சொல்லியிருக்கலாம்லக்கா" என்றான்.

அதற்குப் பிறகு அவன் ரசமட்டத்தைத் தொடவில்லை.

அந்த வாரம்தான் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். அறக்கட்டளையின் அலுவலகத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து பயிற்சி தருவதற்குப் பணம் போதவில்லை, நிதி திரட்ட ஓடுகிறோம், நீங்களும் வாருங்கள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். நான் நாள் முழுவதும் காரில் உட்கார்ந்திருக்கிறவள். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. ஆனால் வீட்டில் என்னால் நல்லது எதுவும் நடக்கவில்லை, வெளியிலாவது எதையாவது செய்து தொலைப்போம் என்ற ஆத்திரத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

தம்பியிடம் சொன்னேன்.

"நாப்பத்திரெண்டு கிலோமீட்டரா? நீயா?"

"ஆமா."

"கார்லதானே?"

பல நாள் கழித்து அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தான். அதற்காகவே ஓடலாம் என்று முடிவு செய்துகொண்டேன்.

நிதி திரட்டுவது சுலபமாக இருந்தது. என்னிடம் படித்தவர்களை எல்லாம் கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. போன் எடுத்ததும் அவர்கள் என் குரலைக் கேட்டே பயந்து கொடுத்துவிட்டார்கள். மூன்று தடவை பெயிலான ஒருவர், "நீங்க ஓடி நாக்குத் தள்ளுறத நான் நேர்ல வந்து பாக்கலாம்லங்க?" என்று கேட்டுவிட்டு எல்லோரையும்விட அதிகம் அனுப்பினார்.

ஓடிப் பழகுவதுதான் உயிரை எடுத்தது. காலையில் பூங்காவுக்குப் போவோம். தம்பி பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பிடித்துக்கொள்வான், நான் சுற்றுவேன். முதல் மாதம் இரண்டு சுற்றுக்கே நெஞ்சு வாய்க்கு வந்தது. ஒவ்வொரு தடவை அவனைத் தாண்டும்போதும் ஏதாவது சொல்வான். "நடக்கிற பாட்டி ஒருத்தர் உன்னத் தாண்டிப் போயிட்டார்." "மூச்சு விடுக்கா, அதுக்குக் காசு இல்ல." நாலாவது மாதம் பத்து கிலோமீட்டர் ஓடினேன். ஏழாவது மாதம் முப்பது. கால் விரலில் இரண்டு நகம் கழன்று விழுந்தது. தம்பி மனைவி உப்புத் தண்ணீரில் என் காலை வைத்துவிட்டு, "ரெண்டு பேரையும் பாத்துக்கறதுக்கு எனக்கு யாராவது மெடல் குடுக்கணும்" என்றாள்.

ஒரு நாள் தெரபிஸ்ட் அந்த வழியாக வந்தவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"எல்லாரும் அந்தப் பக்கமா சுத்தறாங்க. நீங்க மட்டும் ஏன் எதிர்ப்பக்கமா வர்றீங்க?"

நான் மூச்சு வாங்கிக்கொண்டே குனிந்து ஷூ லேஸை இறுக்கினேன். எல்லோரையும் போலச் சுற்றினால் பெஞ்சில் இருப்பவனுக்கு நான் இடது பக்கமிருந்து வருவேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு, தெரியும்ல?" என்றாள். "நீங்க அவர் மேல உசுரா இருக்கீங்க. அதுதான் எனக்கு இப்ப பெரிய தொல்லை."

கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. அடுத்த நாள் சரியான பக்கமாகத்தான் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றிலும் அவனைத் தாண்டிய பிறகுதான் என்னைப் பார்த்தான், அதுவும் முதுகை. கேலி எல்லாம் தாமதமாக வந்தது. மூன்றாவது சுற்றில், "எப்பக்கா போன நீ?" என்று அவன் குழம்பிப்போய்க் கேட்டான். நான்காவது சுற்றில் மறுபடி என் பழைய பக்கத்துக்கே மாறிவிட்டேன்.

போட்டி வந்தது. அதற்கு அடுத்த வாரம் தம்பிக்குச் சோதனை. இரண்டையும் ஒன்றாக நினைக்கப் பயந்து, போட்டியை மட்டும் நினைத்தேன். என்னை அவன் பார்க்க வேண்டும். அதுவும் வருகிறபோதே பார்க்க வேண்டும். ஒரு முழு வருடம் அவனுக்கு நான் செய்ததில் உருப்படியானது இந்த ஓட்டம் ஒன்றுதான், அதிலும் முதுகைக் காட்டிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. ஒரு நாள்தானே, தெரபிஸ்டுக்குத் தெரியவா போகிறது?

அவர்கள் கொடுத்த வரைபடத்தில் பாதை ஒரு நூல் சிக்கு மாதிரி ஊர் முழுவதும் சுற்றியது. முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் தம்பி மனைவி வேலை பார்க்கும் பல் மருத்துவமனைத் தெரு வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, சாவி அவளிடம் இருக்கும், உள்ளே பாத்ரூம் இருக்கிறது, காத்திருப்போர் நாற்காலி ஒன்றை வெளியே போட்டுக்கொள்ளலாம். முந்தின வாரமே காரை எடுத்துக்கொண்டு போய்ப் பாதையை ஓட்டிப் பார்த்தேன். அந்தத் தெருவுக்குள் நுழைந்து, வண்டியை நிறுத்தி, இறங்கி, எந்த ஓரத்தில் நாற்காலி போட்டால் நான் அவனுக்கு வலது பக்கமிருந்து வருவேன் என்று நின்று பார்த்து, கையைக் காலை ஆட்டிக் கணக்குப் போட்டு, நடைபாதையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறியும் போட்டுவிட்டு வந்தேன். மருத்துவமனை வாசலிலேயே அந்த இடம் அமைந்தது. வேறு யாராவது இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருப்பார்களா என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

போட்டி நாள் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தது. முதல் இருபது கிலோமீட்டரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஓடினேன். முப்பதாவதில் கால் கல்லாகிவிட்டது. முப்பத்து நான்காவதில் ஒரு பெஞ்சைப் பார்த்து அழுகை வந்தது. அதில் உட்கார முடியாதே என்று. முப்பத்தாறில் வயிற்றுக்குள் இருந்த வாழைப்பழம் வெளியே வந்தது. சட்டையில் அறக்கட்டளையின் பெயரும் அதன் கீழே நான் எழுதிய 'தம்பிக்காக' என்ற சொல்லும் இருந்தன. அதைப் படித்துவிட்டு யாரோ ஒருவர், "தம்பி பாத்துட்டு இருப்பார், ஓடுங்க" என்றார். ஆமாம், பார்ப்பான், அதற்குத்தான் சாக்பீஸ் குறி போட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன்.

பல் மருத்துவமனைத் தெருவின் முனையில் ஒரு தொண்டர் கையை நீட்டி உள்ளே போகச் சொன்னார். நான் நின்றுவிட்டேன். கால் தானாக நின்றது. எதிரே 'உள்ளே நுழையாதே' என்ற சிவப்புப் பலகை.

"ஏம்மா நின்னுட்டீங்க? போங்க, போங்க."

"இது ஒன்வே" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வெயிலில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். "இன்னிக்கு வண்டியே கிடையாதும்மா. ரோடு முழுக்க உங்களுதுதான்."

அப்போதுதான் உறைத்தது. போன வாரம் நான் காரில் வந்தது அந்தக் கடைசியிலிருந்து. ஒருவழிப் பாதை என்பதால் அப்படித்தான் நுழைய முடியும். இருபத்திரண்டு வருடமாக அம்புக்குறியைப் பார்த்தே வாழ்ந்தவளுக்கு, மனிதர்கள் இதில் எதிர்த்தும் வரலாம் என்பது மண்டையில் ஏறவே இல்லை. சாக்பீஸ் குறி சரியாக இருந்தது, நான் வரும் பக்கம்தான் தப்பு. ஊரில் வேறு யார் ஓடியிருந்தாலும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

தெருவுக்குள் ஓடினேன். ஓடினேன் என்பதும் மரியாதைக்குத்தான். இடது பக்கமிருந்து வருகிறேன். கத்தினால் வலது பக்கம் தேடுவான். அவனைத் தாண்டிப் போய், திரும்பி, வலது பக்கமிருந்து மறுபடி வரலாமா? நூறு அடி எதிர்த்துப் போய்விட்டு வருவதற்கு என் காலில் தெம்பு இருக்கிறதா? போனால் விதியை மீறினேன் என்று வெளியே அனுப்பிவிடுவார்களா? அனுப்பினால் அனுப்பட்டும் என்று முடிவு செய்தேன். மருத்துவமனைப் பலகை தெரிந்தது. வாசலில் நாற்காலி தெரிந்தது. நான் போட்ட குறியின் மேலேயே, ஒரு அங்குலம் பிசகாமல். தம்பி மனைவியைக் காணவில்லை. அவன் மட்டும் தனியாக இருந்தான்.

ஒரு வருடமாக இடது பக்கமிருந்து அவனை நெருங்கும்போதெல்லாம் எனக்குக் கிடைப்பது அவன் காதுதான். ஆபரேஷன் தழும்புகூட அந்தப் பக்கம் கிடையாது. ஒரு காது, கொஞ்சம் கன்னம், அதில் சவரம் செய்யாத முடி. அந்தக் காதைப் பார்க்கத் தயாராகிக்கொண்டு நிமிர்ந்தேன்.

முகம் தெரிந்தது. முழு முகம். இரண்டு கண்ணும் என் மேல் இருந்தன.

எழுந்து நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கழுத்து நன்றாகத் திரும்பியிருந்தது. வாயெல்லாம் பல்லாக, தெருவே கேட்கும்படி கத்தினான்.

"ஒன்வேல எதுக்க வர்றியேக்கா! லைசென்ஸ் இருக்கா உன்கிட்ட?"

நான் நின்றேன். மாரத்தான் ஓடுகிறவர்கள் முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் நிற்கக் கூடாது, நின்றால் மறுபடி கிளம்ப முடியாது என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். நின்று, பாதையோரம் கட்டியிருந்த கயிற்றுக்கு மேலே கையை நீட்டி அவன் தலையைப் பிடித்துக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி அழுதேன்.

"யாருடா சொன்னது இந்தப் பக்கம் பாக்கச் சொல்லி?"

"யாரும் சொல்லல. மொதல்ல எல்லாம் முதுகாவே வந்துச்சுக்கா. திடீர் திடீர்னு முதுகு. எங்கேருந்துதான் மொளைக்கிறாங்கன்னே தெரியல. அப்புறம் பயமா போச்சு, உன்னயும் முதுகப் பாத்து அனுப்பிடுவனோன்னு. அதான் தேட ஆரம்பிச்சேன்."

தம்பி மனைவி உள்ளேயிருந்து தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது. "ஒரு மணி நேரமாக்கா. தப்பான பக்கம் வர்றாங்கன்னு தெரிஞ்சதும் நாற்காலியத் திருப்பிப் போடறேன்னேன். கையத் தட்டிவிட்டுட்டார். மொதல்ல பாதிதான் திரும்பினார். அப்புறம் முக்கால். அப்புறம் நான் ஒண்ணும் பேசாம உள்ள போயிட்டேன். நான் அங்க நின்னா கெடுத்துடுவேன்னு தோணுச்சு."

அந்த இடத்தில் என் மனதில் இருந்தது வாய்க்கு வந்துவிட்டது. "டேய், அன்னிக்கு அந்தத் தூணுக்காக உன்ன அப்படித் திட்டினேனே. சைக்கிள்காரருக்காக என்னென்னவோ சொன்னேனே. மன்னிச்சிருடா. உனக்குத் தெரியலன்னு எனக்குத் தெரியல. அதுக்கப்புறம் எல்லாத்தையும் உனக்கு வலது பக்கமாக் கொண்டு வந்து கொடுத்துக் கெடுத்ததும் நான்தான்."

"ஆமா, நீதான்" என்றான். முகத்தை என் சட்டையில் துடைத்துக்கொண்டான், எவ்வளவு நாறியிருக்கும் அது. "நீ திட்டினது எனக்கு மறந்தே போச்சு. கட்டியோட சேத்து எடுத்துட்டாங்க போல. இப்ப நின்னு கத பேசற நேரமா? கால் பிடிச்சுக்கப் போகுது. போக்கா!"

போனேன். கால் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. நொண்டிக்கொண்டே தெருவின் கடைசி வரை போய், முனையில் திரும்பிப் பார்த்தேன். இப்போது நான் அவனுக்கு வலது பக்கம் இருக்கிறேன். அவன் சுலபமாகப் பார்க்கிற பக்கம். கண்டிப்பாக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான் என்று கையை உயர்த்தினேன்.

அவன் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவனுடைய வலது காது. தெருவின் அந்த முனையிலிருந்து ஒரு பெரியவர் ஒரு காலை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தார். தம்பி கழுத்தை அங்கே திருப்பிக்கொண்டு, இரண்டு கையையும் தட்டி, "வாங்க சார், வாங்க, இன்னும் கொஞ்சம்தான்" என்று கத்திக்கொண்டிருந்தான். அவர் தாண்டிப் போனதும் அவரோடு திரும்பவில்லை. அடுத்து யார் வருகிறார்கள் என்று மறுபடி இடது பக்கமே பார்த்தான்.

"டேய்!" என்று கத்தினேன். கேட்கவில்லை. யாராவது என்னைக் கண்டுகொள்ளாமல் இருந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உயர்த்திய கையை என்ன செய்வது என்று தெரியாமல், அதாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மிச்சம் நான்கு கிலோமீட்டரையும் சிரித்துக்கொண்டே ஓடினேன்.